ஆர்டர் பட்டனை இரண்டு முறை தட்டினால்: எத்தனை மில்லிசெகண்ட் பூட்டு சரி?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே சிக்கலோடு வருகிற மற்றவர்களுக்கும் உதவும். ஒரு கடைக்காகக் கோட்லின் மொழியில் ஆண்ட்ராய்டு ஆப் எழுதியிருக்கிறீர்கள். வாடிக்கையாளர்கள் ‘ஆர்டர் செய்’ பட்டனை வேகமாக இரண்டு மூன்று முறை தட்டிவிடுகிறார்கள், சில நேரம் இரண்டு ஆர்டர் விழுந்துவிடுகிறது. பொருள் பட்டியலில் ஒன்றைத் தட்டினால் அதே விவரப் பக்கம் சிலசமயம் இரண்டு முறை திறக்கிறது, வெளியே வர பேக் பட்டனை இரண்டு தடவை அழுத்த வேண்டியிருக்கிறது. கூட வேலை செய்பவர், ஆப் முழுவதற்கும் பொதுவாக ஒரு க்ளிக் லிசனர் (தட்டலைக் கவனித்து வேலையைத் தொடங்கும் பகுதி) எழுதி, ஒரு தட்டலுக்குப் பிறகு ஒரு விநாடிவரை வருகிற எல்லாத் தட்டல்களையும் தள்ளிவிடலாம் என்கிறார். ஒரு விநாடி சரியா, 500 மில்லிசெகண்ட் போதுமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் தேடுவது ஒரு எண் இல்லை என்று நினைக்கிறேன். ‘இந்தக் காரியம் ஒரே ஒருமுறைதான் நடக்கும்’ என்ற உறுதிதான் உங்களுக்கு வேண்டும். அந்த உறுதியை எந்த மில்லிசெகண்ட் கணக்கும் தராது. பல வருடங்களாக ஆண்ட்ராய்டு ஆப்களும் அவற்றுக்குப் பின்னால் ஓடும் சர்வர்களும் எழுதிவருபவன் என்ற முறையில் என் பதில் இதுதான்: பக்கம் இரண்டு முறை திறப்பதை ஆப்பின் நிலையைப் பார்த்துத் தடுக்க வேண்டும், ஆர்டர் இரண்டு முறை விழுவதைச் சர்வரில் தடுக்க வேண்டும், நேரத்தை வைத்துப் பூட்டுவதை வெகு சில இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று விளக்குகிறேன்.

முதலில், இரண்டாவது ஆர்டரை அனுப்பியது விரல்தானா என்று பாருங்கள். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து அதை என்னால் சொல்ல முடியாது, உங்கள் சர்வர் லாக் (log, பதிவேடு) சொல்லும். இரட்டையாக விழுந்த ஆர்டர்களை எடுத்து, இரண்டு ரெக்வெஸ்டுகளும் வந்த நேரத்தை மில்லிசெகண்ட் வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி 100 முதல் 400 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் விரல்தான், ஆப் இரண்டாவது தட்டலை உள்ளே விட்டிருக்கிறது. மூன்று, நான்கு விநாடி என்றால் அதுவும் விரல்தான், ஆனால் கதை வேறு: தட்டியவர் திரையில் ஒரு மாற்றமும் தெரியாமல், பட்டன் வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி தட்டியிருக்கிறார். இடைவெளி உங்கள் டைம்அவுட்டை (பதிலுக்குக் காத்திருக்கும் வரம்பை) ஒட்டியே இருந்தால், மறுமுயற்சி செய்யும் கோடை (code, நிரல்) சந்தேகப்படுங்கள். சர்வரோடு பேச உதவும் ஓகேஹெச்டிடிபி லைப்ரரியில் கனெக்ட், ரீட், ரைட் டைம்அவுட்கள் இயல்பாகவே 10 விநாடி. ஆகவே பத்துப் பதினொரு விநாடி இடைவெளியில் ஜோடி ஜோடியாக ஆர்டர்கள் வந்தால், ‘தோற்றால் இன்னொருமுறை அனுப்பு’ என்று யாரோ எங்கோ எழுதிவைத்திருக்கலாம். பின்னணி வேலைகளை ஓட்டும் வொர்க்மேனேஜரில் ‘ரீட்ரை’ திருப்பி அனுப்பும் இடங்களையும் அப்படியே தேடுங்கள். அதுபோக, இணைப்பு மட்டத்தில் வரும் சில தோல்விகளுக்கு ஓகேஹெச்டிடிபி உங்களைக் கேட்காமலேயே மறுபடி முயலும், அந்த வசதி இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். இந்தப் பரிசோதனைக்கு அரைமணி நேரம் போதும். இதைச் செய்யாமல் பட்டனைப் பூட்டத் தொடங்கினால், விரலுக்குச் சம்பந்தமே இல்லாத கோளாறுக்கு விரலைத் தண்டிக்கிற மாதிரி ஆகிவிடும்.

விரல்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டில் ஒரு தட்டல் எப்படி க்ளிக் ஆகிறது என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டால் பல குழப்பங்கள் தீரும். விரலை எடுத்த அதே நொடியில் உங்கள் ஆன்க்ளிக் கோடு ஓடுவதில்லை. வியூ (பட்டன் போன்ற திரை உறுப்பு), ‘க்ளிக்கைச் செய்’ என்ற ஒரு சிறு வேலையை திரை வேலைகளைச் செய்யும் மெயின் த்ரெட்டின் மெசேஜ் கியூவில் (வேலை வரிசையில்) போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. பட்டன் அமுங்கிய தோற்றத்தை முதலில் சரிசெய்து, அதன்பின் க்ளிக் ஓடட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இப்போது மெயின் த்ரெட் ஒரு பெரிய ஜேசன் தரவைப் பிரித்துக்கொண்டு 300 மில்லிசெகண்ட் மூச்சுவிடாமல் இருக்கிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் விழுந்த இரண்டு தட்டல்களும் வெளியே காத்திருக்கும். த்ரெட் விடுபட்டதும் இரண்டும் அடுத்தடுத்து உள்ளே வந்து, முதல் க்ளிக்கின் கோடு ஓடுவதற்கு முன்பே இரண்டாவது க்ளிக்கும் கியூவில் உட்கார்ந்துவிட முடியும். ஒரு காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய பட்டர்நைஃப் லைப்ரரிக்குள் இதற்கென்றே ஒரு லிசனர் இருந்தது. ஒரு க்ளிக் ஓடியதும் அந்த ஃப்ரேம் (திரை ஒருமுறை வரையப்படும் நேரம்) முடியும்வரை மற்ற எல்லா க்ளிக்குகளையும் அது தள்ளிவிடும். அதில் மில்லிசெகண்ட் கணக்கு எதுவும் கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

‘அப்படியானால் ஆன்க்ளிக்கின் முதல் வரியில் பட்டனை டிஸேபிள் செய்தாலும் பயனில்லையா?’ என்று பலர் கேட்பார்கள். பயன் உண்டு. ஆண்ட்ராய்டு 4.4 முதல், ஒரு வியூவை டிஸேபிள் செய்தால் கியூவில் அந்த வியூவுக்காகக் காத்திருக்கும் க்ளிக்கும் சேர்ந்தே ரத்தாகிவிடும். ‘டிஸேபிள் செய்தாலும் இரண்டாவது க்ளிக் நுழைந்துவிடும்’ என்று பழைய பதில்களில் படித்திருப்பீர்கள், அதே பட்டனைப் பொறுத்தவரை அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் மூன்று ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. டிஸேபிள் செய்யாமல் ‘க்ளிக்கபிள்’ என்ற பண்பை மட்டும் அணைத்தால் அந்த ரத்து நடக்காது. பக்கத்திலிருக்கும் வேறொரு பட்டனின் க்ளிக் ரத்தாகாது. மூன்றாவதுதான் இன்றைய ஆப்களில் அதிகம் கடிக்கிறது: நாம் இப்போது பட்டனை நேரடியாக டிஸேபிள் செய்வதில்லை. திரையின் நிலையை வைத்திருக்கும் வியூமாடலிடம் சொல்கிறோம், அது ஸ்டேட்டை மாற்றுகிறது, திரை அந்த ஸ்டேட்டைக் கவனித்துப் பட்டனை அணைக்கிறது. ஆண்ட்ராய்டின் புதிய திரை லைப்ரரியான கம்போஸ் என்றால் அடுத்த ரீகம்போசிஷன் (திரையை மறுபடி வரைவது) நடக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட்தான், ஆனால் த்ரெட் திணறினால் அது எவ்வளவு வேண்டுமானாலும் நீளும். அந்த இடைவெளிக்குள் வரும் இரண்டாவது க்ளிக், அணைக்கப்படாத பட்டனில்தான் விழும்.

ஆகவே பட்டன் சாம்பல் நிறமாவது பார்ப்பவருக்கான தகவல் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்பு வேலையை அதன் தலையில் கட்டாதீர்கள். காவல் வியூமாடலில் இருக்கட்டும். ஆர்டர் அனுப்பும் ஃபங்ஷனின் முதல் வரியில், ‘ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருக்கிறேனா’ என்ற பூலியனை (உண்மை அல்லது பொய் என்ற மதிப்பு) பாருங்கள். ஆம் என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். இல்லை என்றால், கொரூட்டினை (பின்னணியில் ஓடும் வேலையை) தொடங்குவதற்கு முன்பே அந்தப் பூலியனை உண்மையாக்குங்கள். ‘முன்பே’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன், கொரூட்டினுக்குள்ளே போய் உண்மையாக்கும் கோடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்ப்பதும் மாற்றுவதும் இரண்டுமே மெயின் த்ரெட்டில், நடுவில் எந்தக் காத்திருப்பும் இல்லாமல் நடந்தால் இடையில் யாரும் நுழைய முடியாது. வேறு த்ரெட்களிலிருந்தும் அந்த ஃபங்ஷன் அழைக்கப்படும் என்றால் அட்டாமிக்பூலியனோ, மியூட்டெக்ஸின் ட்ரைலாக்கோ தேவைப்படும். பூட்டைத் திறப்பது கட்டாயம், எப்படி முடிந்தாலும் ஓடுகிற ஃபைனலி பிளாக்கில் இருக்க வேண்டும். வெற்றி வந்த இடத்தில் ஒருமுறை, பிழை வந்த இடத்தில் ஒருமுறை என்று தனித்தனியாகத் திறந்துவைத்தால், கொரூட்டின் ரத்தாகும்போது இரண்டுமே ஓடாது. பட்டன் நிரந்தரமாகச் செத்துவிடும், வாடிக்கையாளர் ஆப்பை மூடித் திறந்தால்தான் ஆர்டர் போட முடியும். இரட்டை ஆர்டரைவிட மோசமான நிலை அது.

இதை உங்களோடு வேலை செய்பவர் சொன்ன ஒரு விநாடிப் பூட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நெட்வொர்க் மந்தமாக இருந்து பதில் வர நான்கு விநாடி ஆகிறது என்றால் ஒரு விநாடியில் பூட்டு திறந்துகொள்ளும், மீதி மூன்று விநாடிக்குக் காவலே இல்லை. நெட்வொர்க் நன்றாக இருந்து 150 மில்லிசெகண்டில் ‘கையிருப்பு இல்லை’ என்ற பிழை வந்துவிட்டால், அளவை மாற்றி மறுபடி தட்டுகிறவரின் நியாயமான தட்டல் விழுங்கப்படும். எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு பக்கம் இடிக்கும், ஏனென்றால் காரியம் முடிவதற்கும் கடிகாரத்துக்கும் தொடர்பு இல்லை. ஆண்ட்ராய்டின் சொந்தக் கோடில் இரட்டைத் தட்டலுக்கு 300 மில்லிசெகண்ட் என்று ஒரு எண் இருக்கிறதே, அதை வைத்துக்கொள்ளலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அது இரட்டைத் தட்டல் என்ற சைகையை அடையாளம் காண்பதற்கு வைத்த வரம்பு. மேப்பைப் பெரிதாக்குவது போன்ற இடங்களுக்கானது. வேண்டாத தட்டலை வடிகட்ட அளந்து வைத்த எண் இல்லை.

அப்படியும் நேரப் பூட்டு எழுதியே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தால் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்தை கரன்ட்டைம்மில்லிஸிலிருந்து எடுக்காதீர்கள், அது சுவர்க் கடிகாரம். பயனர் நேரத்தைப் பின்னால் தள்ளினாலோ, நெட்வொர்க் திருத்தினாலோ உங்கள் பூட்டு நெடுநேரம் திறக்காமல் கிடக்கலாம். சிஸ்டம்க்ளாக்கின் எலாப்ஸ்ட்ரியல்டைம் பின்னோக்கி ஓடாது, அதை எடுங்கள். இன்னொன்று, டிபவுன்ஸும் த்ராட்டிலும் ஒன்றில்லை. டிபவுன்ஸ், தட்டல்கள் அடங்கும்வரை காத்திருந்து கடைசித் தட்டலை எடுக்கும். தேடல் பெட்டிக்கு அது பொருத்தம். பட்டனுக்கு அதைப் போட்டால் முதல் தட்டலுக்கே தாமதமாகத்தான் பதில் வரும், தாமதத்தைப் பார்த்தவர் இன்னும் இரண்டு முறை தட்டுவார். பட்டனுக்கு வேண்டியது முதல் தட்டலை உடனே எடுத்து அடுத்தவற்றைத் தள்ளுவது, அதாவது த்ராட்டில். ஆர்எக்ஸ்ஜாவாவில் அதற்கு த்ராட்டில்ஃபர்ஸ்ட் இருக்கிறது. கோட்லின் ஃப்ளோவில் அது தயாராகக் கிடைக்காது என்பதால் பலர் கையில் கிடைத்த டிபவுன்ஸையே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

இனி இரண்டு முறை திறக்கும் பக்கம். இது ஆர்டரைவிட எளிது, தீர்வும் தெளிவானது. விவரப் பக்கம் தனி ஆக்டிவிட்டி (ஆண்ட்ராய்டில் ஒரு தனித் திரை) என்றால் லாஞ்ச்மோடை சிங்கிள்டாப் என்று வையுங்கள். மேலே ஏற்கெனவே அதே ஆக்டிவிட்டி இருந்தால் புதிதாக ஒன்று பிறக்காது, பழையதற்கே புது இன்டென்ட் (திறக்கச் சொல்லும் செய்தி) போய்ச் சேரும். பக்கம் விட்டுப் பக்கம் போக உதவும் நேவிகேஷன் காம்பொனென்ட் பயன்படுத்தினால் நிலைமை வேறு. அங்கே இரண்டாவது தட்டல் பக்கத்தைத் திறக்காமல், ‘இந்த ஆக்‌ஷன் தற்போதைய இடத்தில் இல்லை’ என்று ஆப்பையே விழவைக்கும். முதல் தட்டலிலேயே நீங்கள் அடுத்த இடத்துக்குப் போய்விட்டீர்கள், பட்டியல் பக்கத்துக்கான ஆக்‌ஷன் அங்கே கிடையாது, அதனால் அந்தப் பிழை. நேவிகேட் செய்வதற்கு முன், தற்போதைய இடம் நீங்கள் எதிர்பார்க்கும் இடம்தானா என்று ஒரு வரியில் பார்த்துவிட்டால் போதும். கம்போஸில் லைஃப்சைக்கிள் லைப்ரரியின் 2.8 பதிப்பிலிருந்து ட்ராப்அன்லெஸ்ரெஸ்யூம்ட் என்ற ஒன்று கிடைக்கிறது. பக்கம் முழுமையாக முன்னால் இருக்கும் நிலையில் மட்டும் க்ளிக்கை உள்ளே விடும். முதல் தட்டலில் பக்கம் நகரத் தொடங்கியதுமே அந்த நிலை போய்விடுவதால் அடுத்த தட்டல் தானாக உதிர்ந்துவிடும். மில்லிசெகண்ட் இல்லாத பூட்டு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பட்டியலில் இன்னொரு சங்கதி உண்டு. இரண்டு விரலால் இரண்டு பொருள்களை ஒரே நேரத்தில் தொட்டால் இரண்டுக்கும் க்ளிக் வரும். ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாகப் பூட்டு வைத்திருந்தால் இது அதில் சிக்காது. பட்டியலின் வியூகுரூப்பில் ஸ்ப்ளிட்மோஷன்இவென்ட்ஸை அணைத்துவிட்டால் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை வியூதான் தொடுதலைப் பெறும். டயலாக்ஃபிராக்மென்ட்டையும் கவனியுங்கள். ‘இந்த டேகில் ஏற்கெனவே டயலாக் இருக்கிறதா’ என்று பார்த்துவிட்டு ஷோ அழைப்பது பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் ஷோ செய்த டிரான்ஸாக்‌ஷன் உடனே நடக்காது, கியூவில் காத்திருக்கும். அந்த இடைவெளியில் வரும் இரண்டாவது க்ளிக் தேடும்போது டயலாக் இன்னும் இருக்காது. ஷோநவ் இந்த இடைவெளியை அடைத்துவிடும்.

இதுவரை சொன்ன எல்லாமே தொந்தரவைக் குறைப்பவை. ஆர்டர் இரட்டிப்பதை முழுமையாகத் தடுக்கும் வல்லமை ஆப்பில் எந்தக் கோடுக்கும் இல்லை. வாடிக்கையாளர் ஒரே ஒருமுறை தட்டுகிறார். ரெக்வெஸ்ட் சர்வருக்குப் போகிறது, ஆர்டர் பதிவாகிறது, பதில் திரும்பி வரும் வழியில் வண்டி சுரங்கப்பாதைக்குள் நுழைந்து சிக்னல் போய்விடுகிறது. ஆப்பின் பார்வையில் அது தோல்வி. ‘மீண்டும் முயல்க’ என்று காட்டுகிறது, அவரும் நேர்மையாகத் தட்டுகிறார். இரண்டு ஆர்டர். விரலிலும் தவறில்லை, பட்டனிலும் தவறில்லை. ரெக்வெஸ்ட் போய்ச் சேரவில்லையா, பதில்தான் வந்து சேரவில்லையா என்பதை ஆப்பின் பக்கத்திலிருந்து பிரித்தறியவே முடியாது. ஹெச்டிடிபியின் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 9110, கெட், புட், டெலீட் ஆகிய ரெக்வெஸ்ட் வகைகளைத் திரும்ப அனுப்பினாலும் விளைவு மாறாதவை என்கிறது. போஸ்டுக்கு அந்த உறுதி கிடையாது. ஆர்டர் போடுவதோ பெரும்பாலும் போஸ்டில்தான்.

இதற்கான வழி ஐடெம்பொட்டன்சி கீ, அதாவது ஓர் ஆர்டருக்கு ஒன்று என்று ஆப் கூடவே அனுப்பும் அடையாளம். ஓட்டலில் பில் சீட்டோடு போய் நின்றால், அதே சீட்டை இரண்டாம் முறை நீட்டினாலும் மாஸ்டர் இன்னொரு தோசை ஊற்றமாட்டார் அல்லவா, அதுபோல. வாடிக்கையாளர் ஆர்டரை உறுதிசெய்யும் பக்கத்துக்கு வந்ததும் ஆப் ஒரு யூயூஐடி (இன்னொன்றோடு ஒத்துப்போகாத அடையாள எண்) உருவாக்கிக்கொள்ள வேண்டும். அந்த ஆர்டருக்கான எல்லா முயற்சிகளிலும் அதே கீ போக வேண்டும். பலர் செய்யும் பிழை, தட்டலுக்குத் தட்டல் புதிய கீ உருவாக்குவது. அப்படிச் செய்தால் கீ இருந்தும் இல்லாததுபோல்தான். கீயை சேவ்ட்ஸ்டேட்ஹேண்டிலிலோ உள்ளூர் டேட்டாபேஸிலோ வைத்துக்கொள்ளுங்கள். மெமரி போதாமல் ஆண்ட்ராய்டு உங்கள் ஆப்பைக் கொன்றுவிட்டு மறுபடி எழுப்பும்போது அதே கீ கையில் இருக்க வேண்டும். கூடையில் பொருள் மாறினால் புதுக் கீ. ஆர்டர் வெற்றி என்று உறுதியான பிறகும் அடுத்ததற்குப் புதுக் கீ.

சர்வர் பக்கம், ஆர்டர் டேபிளில் அந்தக் கீக்கு ஒரு நெடுவரிசை (column) சேர்த்து, ஒரே மதிப்பு இரண்டாம் முறை வராமல் தடுக்கும் யுனிக் இன்டெக்ஸ் போடுங்கள். ‘இந்தக் கீ இருக்கிறதா என்று செலக்ட் செய், இல்லையென்றால் இன்சர்ட் செய்’ என்று எழுதினால் போதாது. 50 மில்லிசெகண்ட் இடைவெளியில் இரண்டு ரெக்வெஸ்ட் வந்தால் இரண்டுமே செலக்ட் செய்து, இரண்டுக்குமே ‘இல்லை’ என்ற பதில் கிடைத்து, இரண்டுமே இன்சர்ட் செய்துவிடும். நேராக இன்சர்ட் செய்யுங்கள். யுனிக் மீறல் என்று டேட்டாபேஸ் தடுத்தால் ஏற்கெனவே இருக்கும் ஆர்டரை எடுத்து, வெற்றி என்றே பதில் அனுப்புங்கள். பிழை என்று அனுப்பினால் வாடிக்கையாளர் ஆர்டர் விழவில்லை என்று நினைத்துக் கடைக்குப் போன் செய்வார். முதல் ரெக்வெஸ்ட் இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருந்தால், ‘மோதல்’ என்று பொருள்படும் 409 குறியீட்டைத் திருப்பிக் கொடுத்து, சற்றுப் பொறுத்துக் கேட்கச் சொல்லலாம். பணப் பரிமாற்றத்தில் இது நன்கு ஊறிய முறை. ஸ்ட்ரைப் நிறுவனத்தின் ஏபிஐ, ஐடெம்பொட்டன்சி-கீ என்ற ஹெடரிலேயே இதை வாங்கிக்கொள்கிறது, குறைந்தது 24 மணி நேரம் அந்தக் கீயை நினைவில் வைத்திருக்கிறது. நீங்கள் பணத்தையும் ஆப்பிலேயே வாங்குகிறீர்கள் என்றால், உங்கள் பேமென்ட் கேட்வேயில் இதற்கு என்ன ஏற்பாடு என்று அதன் ஆவணத்தில் பாருங்கள். ஆர்டரை மட்டும் காத்துவிட்டுப் பணத்தை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

கீ வேண்டாம், ‘ஒரே வாடிக்கையாளர், ஒரே பொருள்கள், இரண்டு நிமிடத்துக்குள்’ என்றால் இரட்டை என்று முடிவுகட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் இது கருத்து, முன்னால் சொன்னவைபோல் உறுதியான உண்மை இல்லை. முதல் ஆர்டர் வீட்டுக்கு, அதேபோல் இன்னொன்று அக்கா வீட்டுக்கு என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊகித்து ஓர் ஆர்டரைச் சத்தமில்லாமல் விழுங்குவதைவிட, ‘இதே ஆர்டரை இப்போதுதான் போட்டீர்கள், இன்னொன்றா?’ என்று ஒருமுறை கேட்பது மேல்.

ஆப் முழுவதற்கும் ஒரே பூட்டு என்ற யோசனைக்கு இன்னொரு மறுப்பும் உண்டு. அடுத்தடுத்துத் தட்டுவதே சரியான பயன்பாடாக இருக்கும் பட்டன்கள் எந்த ஆப்பிலும் இருக்கும். உங்கள் ஆப்பிலேயே பொருளின் அளவைக் கூட்டும் பிளஸ் பட்டன் இருக்கும். ஒன்றில் தொடங்கி ஆறு வாழைப்பழம் வேண்டுமென்றால் ஐந்து முறை விறுவிறுவென்று தட்டுவார்கள். ஒரு விநாடிப் பூட்டு இருந்தால் ஒன்றுதான் கணக்கில் சேரும். இங்கே தட்டலைத் தடுக்காமல், எண்ணைத் திரையில் உடனே மாற்றிவிட்டு, விரல் ஓய்ந்த பிறகு இறுதி எண்ணை மட்டும் சர்வருக்கு அனுப்புங்கள். டிபவுன்ஸ் இங்கேதான் பொருந்தும். அனுப்பும்போது ‘ஒன்று கூட்டு’ என்று அனுப்பாமல் ‘ஆறு’ என்று அனுப்புங்கள். விருப்பப் பட்டியலில் சேர்க்கும் இதய பட்டனுக்கும் இதே கதைதான்: ‘மாற்று’ என்ற கட்டளை இரண்டு முறை போனால் பழைய நிலைக்கே திரும்பிவிடும், ‘சேர்’ என்ற கட்டளை பத்து முறை போனாலும் விளைவு ஒன்றுதான்.

நேரப் பூட்டு நியாயமாகும் இடங்கள் வெகு சில உண்டு என்றேன், அவற்றில் ஒன்று இது. முதல் தட்டலில் ஓர் உறுதிப்படுத்தும் டயலாக் திறக்கிறது. இரண்டாவது தட்டல் அதே இடத்தில் விழும்போது அங்கே இப்போது ‘ஆம், நீக்கு’ இருக்கிறது. பயனர் டயலாக்கைக் கண்ணால் பார்க்கும் முன்பே அவர் முகவரி நீங்கிவிட்டது. இது நிலையைப் பார்த்துப் பிடிக்க முடியாத சிக்கல், ஏனென்றால் ஆப்பின் கணக்கில் எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கிறது. மனிதர் பார்த்துப் புரிந்துகொள்ள எடுக்கும் நேரம்தான் இங்கே விஷயம், அதனால் நேரத்தை வைத்தே தீர்ப்பது பொருத்தம். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட டயலாக்குகளில் பட்டனை இயல்பாக 1000 மில்லிசெகண்ட் கழித்துத்தான் உயிர்ப்பிக்கும். உங்கள் ஆப்புக்கு அவ்வளவு தேவைப்படாது. டயலாக் விரியும் அனிமேஷன் முடியும்வரை தொடுதலைப் புறக்கணித்து, ஆபத்தான பட்டனை முந்தைய பட்டனுக்கு நேர் மேலே வராமல் அமைத்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

யார் இரண்டு முறை தட்டுகிறார்கள் என்றும் யோசியுங்கள். பெரும்பாலானோர் தட்டுவது பட்டன் எதையும் காட்டாததால்தான். பயன்பாட்டு ஆய்வில் ஜேகப் நீல்சன் சொன்ன வரம்புகள் இன்றும் நிற்கின்றன: 0.1 விநாடிக்குள் மாற்றம் தெரிந்தால் உடனே நடந்ததாக உணர்வோம், 1 விநாடிக்கு மேல் போனால் எண்ண ஓட்டம் அறுபடும், 10 விநாடிக்கு மேல் கவனம் வேறெங்கோ போய்விடும். தட்டியதும் பட்டனுக்குள்ளேயே ஒரு சுழலும் வட்டம், ‘ஆர்டர் போகிறது’ என்ற எழுத்து. இந்த இரண்டும் பல பூட்டுகளைவிட அதிகம் உதவும். இன்னொரு சாரார், கை நடுக்கம் உள்ளவர்களும் முதியவர்களும். ஐஃபோனின் அணுகல்தன்மை அமைப்பில் அடுத்தடுத்த தொடுதல்களை ஒன்றாகக் கொள்ளும் வசதி இருக்கிறது, சாம்சங் போன்களிலும் அப்படி ஒன்று உண்டு. அவர்கள் தங்கள் கைக்கு ஏற்ற நேரத்தை அங்கே தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, பட்டனை 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) அளவுக்குக் குறையாமல் வைப்பதும், பூட்டை ஆன்டச்லிசனரில் எழுதாமல் இருப்பதும். திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் பயன்படுத்தும் பார்வையற்றவரின் தட்டல் தொடுதலாக வராது, நேரடியாக க்ளிக்காக வரும். தொடுதலில் மட்டும் எழுதிய கோடு அவருக்கு இயங்கவே இயங்காது.

விரலும் இல்லை, நெட்வொர்க்கும் இல்லை என்று ஒரு வகையும் உண்டு, திரையே தானாகத் தட்டுவது. ஈரம், தரம் குறைந்த சார்ஜர், பழுதான திரைப் பலகை எல்லாம் இதைச் செய்யும். 2018 நவம்பரில், தொடாமலேயே இயங்கும் திரைகளுக்காக ஐஃபோன் டென்னுக்கு ஆப்பிள் இலவச மாற்றுத் திட்டமே அறிவித்தது. ஒரே வாடிக்கையாளரிடமிருந்து மட்டும் புகார் வந்தால், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் தட்டல்களைக் காட்டும் வசதியை ஆன் செய்து, அவர் போனைச் சிறிது நேரம் தொடாமல் வைத்துப் பாருங்கள்.

பின்னாளில் வேறு தளத்துக்குப் போனாலும் அடிப்படை மாறாது. ஃப்ளட்டரில் ஆன்பிரெஸ்டை நல் (null, வெற்று மதிப்பு) ஆக்கினால் பட்டன் அணையும், ஆனால் அடுத்த பில்டில்தான். ரியாக்ட் நேட்டிவில் யூஸ்ஸ்டேட்டின் மதிப்பு அடுத்த ரெண்டரில்தான் மாறும், அதனால் காவலுக்கு யூஸ்ரெஃப். ஐஓஎஸ்ஸில் இரண்டு விரல் சிக்கலுக்கு எக்ஸ்க்ளூசிவ்டச் என்ற பண்பு இருக்கிறது.

சோதிக்கும்போது தானியங்கிச் சோதனைக் கருவியான எஸ்பிரெஸ்ஸோவை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு செயலுக்கும் முன் ஆப் ஓய்வதற்காக அது பொறுமையாகக் காத்திருக்கும், நாம் பிடிக்க நினைக்கும் கோளாறோ ஆப் ஓயாத நேரத்தில்தான் வருகிறது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அனிமேஷன் அளவைப் பத்து மடங்காக்கி, நெட்வொர்க்கை வேண்டுமென்றே மந்தமாக்கி, கையால் தட்டிப் பாருங்கள். இரண்டு பக்கம் திறக்கும் கோளாறு எப்போதோ ஒருமுறை வந்த நிலை மாறி, கேட்டபோதெல்லாம் வரும். சர்வருக்கு, ஒரே கீயோடு இருபது ரெக்வெஸ்டுகளை ஒரே நேரத்தில் அனுப்பி, டேபிளில் ஒரு வரிசைதான் இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் யுனிக் இன்டெக்ஸில்தான் தொடங்குவேன், வியூமாடல் பூட்டும் நேவிகேஷன் சரிபார்ப்பும் அடுத்த வெளியீட்டில் வரட்டும். ஒரு எச்சரிக்கை: புது ஆப் வெளியான பிறகும் பழைய பதிப்பு பல வாரங்கள் வாடிக்கையாளர் போன்களில் இருக்கும், அது கீ அனுப்பாது. அதனால் அந்த நெடுவரிசை ‘நல்’ மதிப்பை ஏற்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸும் மைஎஸ்க்யூஎல்லும் யுனிக் இன்டெக்ஸில் எத்தனை நல் வந்தாலும் இயல்பாக விட்டுவிடும், எஸ்க்யூஎல் சர்வர் ஒன்றே ஒன்றைத்தான் விடும், அங்கே ஃபில்டர் வைத்த இன்டெக்ஸ் தேவைப்படும். எந்த டேட்டாபேஸ் என்று நீங்கள் எழுதவில்லை, சொன்னால் அதற்கேற்ற கட்டளையை எழுதித் தருகிறேன்.